சத்தம் பிடிக்கும், மைக் செட் பிடிக்காது

சத்தமே ஆகாது என்று சொல்லும் ஆள் இல்லை நான். மதுரையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கரையில் பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தித்தான் பேச வேண்டும், அந்தக் கூட்டத்துக்குள் நசுங்கிக்கொண்டு நிற்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு வேலை நடக்கும்போது தானாக எழும் சத்தம் எவ்வளவு இருந்தாலும் சரி. அடுத்தவன் கேட்டே ஆக வேண்டும் என்று கிளப்பும் சத்தம் கொஞ்சமாக இருந்தாலும் எனக்கு எரிச்சல்தான். பாட்டு, கார், சாப்பாடு, சாமி எல்லாவற்றிலும் இதே கணக்குதான் என்று சமீபத்தில்தான் உறைத்தது, அதனால் எல்லாவற்றையும் ஒரே பதிவில் கொட்டிவிடுகிறேன்.

சாப்பாட்டிலிருந்து வருவோம். ராத்திரி பதினோரு மணிக்கு கல்லில் கொத்து பரோட்டா கொத்தும் சத்தத்துக்கு நான் அடிமை. அதுவும் விளம்பரம்தானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்மைதான், தெருவில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் மாஸ்டர் கை இன்னும் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டும். ஆனால் அந்தத் தட்டலில் பரோட்டா பொடியாகிறது, முட்டை கலக்கிறது, சால்னா உள்ளே ஏறுகிறது. ஏசி ஹோட்டலில் தலைக்கு மேல் ஸ்பீக்கர் வைத்து, பழைய பாட்டை யாரோ மூச்சுவாங்கப் பாடிய கவர் வெர்ஷனை அலறவிடுகிறார்களே, அதனால் எந்தச் சட்னிக்காவது ருசி கூடுகிறதா? சர்வரிடம் "இன்னொரு தோசை" என்று கத்த வேண்டியிருக்கிறது. (கொத்து பரோட்டாவில் சீஸ் போடுகிறவர்களைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு. வீட்டுப் பெண்களும் இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.)

அடுத்து பாட்டு. நாதஸ்வரம் மெதுவான வாத்தியம் கிடையாது. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசித்தால் வீதி முழுக்கக் கேட்க வேண்டும் என்பதற்காகவே உருவான வாத்தியம் அது. தவிலும் அப்படித்தான். ஒரு கையில் கம்பு, இன்னொரு கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு பலாமரத்தில் கடைந்த கட்டையை அடிக்கிறார்கள். தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம், வேறு எந்தச் சொல்லும் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் வாசிக்கிறோம் என்பார்கள் பெரியவர்கள். இப்படிப்பட்ட வாத்தியத்துக்கு முன்னால், ஐநூறு பேர்கூட உட்கார முடியாத மண்டபத்தில், ஆளுக்கொரு மைக் வைக்கிறார்கள். சவுண்ட் இன்ஜினியர் பையனோ சாப்பிடப் போயிருப்பான். கேட்கிறவன் காதைப் பொத்துகிறான், "இந்த நாயனம் எல்லாம் யாருக்குப் பிடிக்குது" என்று பழி வித்வான் மேல் விழுகிறது. அடுத்த கல்யாணத்தில் அவருக்குப் பதில் செண்டை மேளம், அதற்கடுத்ததில் டிஜே.

இதில் எனக்குப் பிடித்த வரலாறு ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் திமிரி நாயனம்தான், நீளம் குறைவு, சுருதி உச்சத்தில் இருக்கும். அப்புறம் நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். சுருதி இறங்கியது, கீச்சு குறைந்தது, ராகம் நின்று நிதானமாக வர இடம் கிடைத்தது. இன்று கச்சேரிகளில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். 1968-ல் தில்லானா மோகனாம்பாள் படத்தில் சிவாஜிக்கு வாசித்தது எங்கள் ஊர் சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். தெருவுக்கென்று பிறந்த வாத்தியத்தையே இத்தனை இதமாக்க ஆசாரியும் வித்வானும் உட்கார்ந்து பாடுபட்டிருக்கிறார்கள், நாம் ஒரு மைக்கை மாட்டி அதை மறுபடியும் கீச்சாக்கிவிட்டோம்.

இளையராஜா விஷயத்திலும் எனக்கு இந்தச் சண்டை உண்டு. தனியார் பஸ்ஸில் ராஜா பாட்டு கேட்பதைச் சொர்க்கம் என்று பலர் எழுதுகிறார்கள். இருக்கட்டும். ஆனால் அவர் பாட்டில் பாதி வேலை இடையிசையில் இருக்கிறது, பின்னால் ஓடும் கிடாரிலும் வயலினிலும் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஊஃபர் வைத்த பஸ்ஸில் "டும் டும்" மட்டும்தான் வருகிறது. ராஜா எழுதிய பேஸ் கிடார்கூட அதில் கேட்காது, வெறும் அதிர்வுதான். அதைக் கேட்டுவிட்டு ராஜா ரசிகன் என்கிறார்கள்.

கார் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு அது வீட்டிலிருந்து போய்ச் சேர ஒரு வண்டி, அவ்வளவுதான். ஆனால் ஷோரூமில் எத்தனை ஸ்பீக்கர் என்று கேட்கும் நம்மவர்கள் மோதினால் என்ன ஆகும் என்று கேட்பதே இல்லை. 2014-ல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மோதவிட்டுப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். பல வருடம் கழித்துத்தான் ஏர்பேக் கட்டாயமானது. ஏர் ஹாரனுக்கோ யாரும் எதையும் கட்டாயமாக்க வேண்டியதில்லை, அவரவர் காசில் மாட்டிக்கொள்கிறார்கள். தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1000 ரூபாய், அடுத்த தடவை 2000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 முதல் இருக்கிறது. சிக்னல் சிவப்பில் இருக்கும்போதே பின்னால் இருந்து அடிக்கிறவரிடம் அந்தப் பணத்தை யாராவது வாங்கியதை நான் பார்த்ததில்லை. பைக்கில் சைலன்ஸரை மாற்றிக்கொண்டு தெருவையே எழுப்பும் தம்பிகளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, வண்டி தவணை கட்ட ஆரம்பித்தால் அடங்கிவிடுவார்கள்.

சரி, சாமிக்கு வருவோம், அதற்காகத்தானே பாதி பேர் இதுவரை படித்திருப்பீர்கள். ஆடி மாதம் வந்தால் தெருமுனையில் மைக் செட். முதலில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் எல்.ஆர். ஈஸ்வரி. எனக்கு இரண்டு குரலுமே உயிர். ஆனால் விடிகாலை நாலரை மணிக்குக் குழாய் ஸ்பீக்கரில் வரும்போது ஈஸ்வரியம்மா குரலே தகரம் கிழிகிற மாதிரி ஆகிவிடுகிறது. 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக மாநில அரசு வருடத்துக்கு 15 நாள் வரை சலுகை கொடுக்கலாம், அதுவும் நள்ளிரவு 12 வரைதான். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். நாலு குழாயை மரத்தில் கட்டிவிட்ட தெருவில் இருப்பது எத்தனை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் குழாயும், ஜெபக்கூட்டத்துப் பெட்டி ஸ்பீக்கரும் இதே கணக்கில்தான் வரும், யாருக்கும் விலக்கு கிடையாது.

இதே சாமி விஷயத்தில் நான் தூக்கம் கெட்டாலும் சந்தோஷமாக எழுந்து பார்த்த சத்தங்களும் இருக்கின்றன. நோன்பு மாதத்தில் சஹருக்கு, அதாவது விடியுமுன் சாப்பிட, எழுப்ப தப்ஸ் தட்டிப் பாடிக்கொண்டு வரும் பக்கீர்கள், டிசம்பர் ராத்திரியில் முகமூடித் தாத்தாவை முன்னால் விட்டுக்கொண்டு வரும் கேரல் ரவுண்ட்ஸ் பிள்ளைகள், மார்கழியில் பனிக்குல்லா போட்டுக்கொண்டு திருப்பாவை பாடிப்போகும் பஜனைக் கோஷ்டி. இவர்கள் நடந்து வருகிறார்கள், நம் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மரத்தில் கட்டிய குழாய் எங்கே போகும்?

எல்லாவற்றையும்விட எனக்கு ஆகவே ஆகாதது மின்சார மேளம். சின்னக் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு இரும்புச் சட்டம், அதில் ஒரு முரசு, சேகண்டி, இரண்டு மணி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மோட்டார். தீபாராதனைக்குச் சுவிட்சைத் தட்டினால் அடித்துத் தள்ளும். கேட்டால் "வாசிக்க ஆள் கிடைக்கவில்லை, சம்பளம் கட்டுப்படியாகாது" என்கிறார்கள். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது, வருமானம் இல்லாத கோயில் என்ன செய்யும்? ஆனால் அதே கோயில் கும்பாபிஷேகத்துக்கு சீரியல் லைட்டுக்கும் பிளெக்ஸ் போர்டுக்கும் தாராளமாக வசூல் ஆகிறதே. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் மூன்று வருடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை மட்டுமாவது ஒரு பையனுக்குக் காசு கொடுத்து வாசிக்கச் சொன்னால் என்ன? மோட்டார் அடிக்கும் மேளத்தில் சாமிக்கே சலிப்புத் தட்டாதா? எனக்கு அந்த நேரத்தில் கண்ணை மூடினால் மாவு மில் ஞாபகம்தான் வருகிறது.

ரயிலில் போனில் ஸ்பீக்கரைப் போட்டு ரீல்ஸ் பார்க்கிறவர்களைப் பற்றியும் எழுதலாம் என்றிருந்தேன். எழுதி என்ன, அவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள், இதில் வீடியோ இல்லை.

கமெண்டில் வந்து "அவங்களைச் சொல்லத் தைரியம் இருக்கா" என்று கேட்க டைப் பண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும்: மூன்று பேரையும் சொல்லியாச்சு. மேலே போய் மறுபடி படியுங்கள். சீஸ் கொத்து பரோட்டாக்காரர்கள் வேண்டுமானால் சண்டைக்கு வரலாம், ராத்திரி பத்து மணிக்குள்.