செம்பு விலைக் கணிப்பில் விடுபட்டவை

செம்பு விலை பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை, மின்சார வாகனங்கள் பெருகுவதால் செம்புக்குத் தட்டுப்பாடு வரும், விலை ஏறிக்கொண்டே போகும் என்று அடித்துச் சொல்லி, ஒற்றை விலையையும் கணிக்கிறது. திருகோணமலையில் மோட்டர் வைண்டிங் கடை நடத்துகிறேன். செம்புக் கம்பி வாங்கித்தான் பிழைப்பு, அதனால் இதைப் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

தேவை கூடும், சரி. ஆனால் கட்டுரையில் வழங்கலுக்குச் சுரங்கங்களை மட்டும் எண்ணியிருக்கிறார்கள். பழைய செம்பு எங்கே? விலை ஏறினால் வீட்டு மூலையில் கிடந்த எரிந்த மோட்டர், பழைய வயர் எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு வந்துவிடும். இங்கே நாங்கள் கண்ணால் காண்பது இது. உலகச் செம்புப் பாவனையிலும் மறுசுழற்சியின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. விலை மிஞ்சினால் தயாரிப்பாளர்கள் அலுமினியத்துக்கு மாறுவார்கள். மலிவான மோட்டர்களுக்குள் அலுமினியக் கம்பியை இப்போதே பார்க்கிறேன்.

சுரங்கக் கணக்கும் நிலையானதல்ல. 2023 கடைசியில் நீதிமன்றத் தீர்ப்பால் பனாமா நாட்டிலுள்ள கோப்ரே பனாமா என்ற பெரிய செம்புச் சுரங்கம் நின்றது. உலகச் செம்பு உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கு மேல் ஒரேயடியாகப் போய்விட்டது. பேட்டரிக்குப் பயன்படும் நிக்கல் உலோகத்தில் நடந்தது நேர்மாறு: தட்டுப்பாடு என்று பயந்தார்கள், இந்தோனேசியா உற்பத்தியைப் பெருக்கியதும் 2023இல் விலை சரிந்தது.

அப்புறம் ரூபா. செம்பின் உலக விலை டொலரில்தான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. லண்டன் உலோகச் சந்தையில் செம்பு விலை இறங்கிய மாதங்களிலும் எங்களுக்குக் கம்பி விலை இறங்கவில்லை.

கட்டுரையாளர் அடுத்த முறை ஒற்றை விலைக்குப் பதிலாக, எது நடந்தால் எந்த எல்லைக்குள் விலை நிற்கும் என்று எழுத வேண்டும். கம்பியை எவ்வளவு வாங்கி வைப்பது என்று அதை வைத்துத்தான் நாங்கள் முடிவெடுக்க முடியும்.