நீர்மட்டம் இறங்கினால் மண் அணைக்கு ஆபத்து நீங்கிவிடுமா?

“அணையில் தண்ணீர் குறையக் குறைய மண் கரை பலப்படும், காய்ந்து இறுகிய மண் கல்லைப் போன்றது, சரியாது” என்றொரு செய்தி வலம் வருகிறது. தவறு.

காய்ந்த மண் கெட்டிதான். ஆனால் அது இரவல் கெட்டி. துகள்களுக்கு நடுவே தங்கிய சிறிதளவு ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. இடைவெளிகளில் நீர் நிரம்பியதும் அந்த இழுப்பு போய்விடும். காய்ந்த களிமண் கட்டியைத் தம்ளர் நீரில் போட்டுப் பாருங்கள்: விரலால் நொறுக்க முடியாதது சற்று நேரத்தில் பொலபொலவென உதிரும்.

கலிபோர்னியாவின் சான் லூயிஸ் அணையில் நடந்தது இதுவே. மலைச்சரிவில் படிந்திருந்த களிமண் காய்ந்து கெட்டியாக இருந்ததால், அதை அகற்றாமல் அதன்மேலேயே கரையின் ஒரு பகுதியை எழுப்பினார்கள். அணை 1967-இல் முடிந்தது. நீர் ஏறியதும் அடிமண் ஊறி வலுவிழந்தது. ஆனாலும் 14 ஆண்டுகள் ஒன்றும் தெரியவில்லை. 1981-இல் சுமார் 120 நாட்களில் நீர்மட்டத்தை ஏறத்தாழ 55 மீட்டர் இறக்கினார்கள். செப்டம்பரில் நீர்ப்பக்கச் சரிவு வழுக்கி இறங்கியது. நீர் குறைந்திருந்தபோது, கவனியுங்கள். நல்லவேளை, அணை உடையவில்லை.

காரணம் எளிது. வெளியே கரைக்கு முட்டுக்கொடுத்த நீர் விலகிவிட்டது. களிமண்ணுக்குள் புகுந்த நீரோ அவ்வளவு விரைவில் வடியாது. முட்டு இல்லை, உள்ளே ஊறிய மண்ணின் பாரம் மட்டும் மிச்சம். மெல்ல மெல்ல வடியவிட்டால் மண் மீண்டும் இறுகும் என்பது மெய்தான். பரவும் செய்தி விட்டுவிட்டது அந்த ‘மெல்ல மெல்ல’வைத்தான்.