12 வயதில் தர்க்கம் தானாக வந்துவிடாது

மேலே ஒருவர் "12 வயதானால் தர்க்க சிந்தனை தானாக வந்துவிடும், பியாஜேயே சொல்லியிருக்கிறார், வராத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை" என்று எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. 11, 12 வயதில் அது தொடங்குகிறது என்று, குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே சொன்னது உண்மை. ஆனால் அதே பியாஜே 1972இல் தன் கருத்தைத் திருத்தி, 15 முதல் 20 வயதுக்குள் பெரும்பாலோர் அதை எட்டலாம், அதுவும் அவரவருக்குப் பழக்கமான துறையில்தான் வெளிப்படும் என்று எழுதினார். இதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை!

பெரியவர்களையே பாருங்களேன். 1966இல் உளவியலாளர் பீட்டர் வேசன் அறிமுகப்படுத்திய அட்டைச் சோதனையில், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவது ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, ஓர் இரட்டைப்படை எண், ஓர் ஒற்றைப்படை எண். ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும் என்ற விதியைச் சரிபார்க்க எந்த அட்டைகளைத் திருப்புவீர்கள் என்று கேட்டால், கல்லூரி மாணவர்களிலேயே சுமார் 10 சதவீதம் பேர்தான் சரியாகச் சொல்கிறார்கள். ஒற்றைப்படை எண்ணின் மறுபக்கம் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்துவிடும், அதனால் அந்த அட்டையையும் திருப்ப வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. அதே புதிரை "மது அருந்துபவருக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும்" என்ற விதியாக மாற்றிக் கேட்டபோது (1982, கிரிக்ஸ், காக்ஸ் என்ற ஆய்வாளர்கள்) நாலில் மூன்று பேர் போலச் சரியாகச் சொன்னார்கள். மூளை அதேதான், விஷயம்தான் பழகியது.

அப்புறம் அந்த "பயனில்லை" சமாசாரம். ஊசல் ஆடும் வேகம் எதைப் பொறுத்தது என்று கேட்டால் பல பிள்ளைகள் நீளத்தையும் எடையையும் ஒன்றாகவே மாற்றிப் பார்ப்பார்கள். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்று சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்கிறார்கள், 10 வயதுப் பிள்ளைகள்கூட.