கொல்லைப்புற வழியாக வந்தவள் அல்ல நான்

சனிக்கிழமை மண்டபத்தில் நடந்த கல்விக் கருத்தரங்கில் ஒரு பேச்சாளர் பேசிய வீடியோ இந்நேரம் எல்லோர் கைப்பேசிக்கும் வந்திருக்கும், அதனால் முழுக்கதையும் எழுதவில்லை. "இப்பல்லாம் டிகிரியே இல்லாதவங்க வேலை அனுபவத்தைக் காட்டி, கொல்லைப்புறமா நுழைஞ்சு ஐ.டி.யில மாஸ்டர் வாங்கிடுறாங்க" என்றாரே, அந்த ஒரு வரிதான். மண்டபமே கைதட்டியது. நானும் என் மகளும் முன்வரிசைப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தோம்.

அந்த வழியில் வந்தவள் நான். பயன்பாட்டுத் தகவல் தொழில்நுட்பத்தில் முதுகலை, பகுதி நேரம். ஏப்பல் என்பார்கள். அனுபவத்தில் கற்றதை மதிப்பிட்டு இடம் கொடுக்கும் முறை. திருட்டு வழி இல்லை, மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. வகுத்தது. டிப்ளோமாவும் 30 வயதும் அந்தத் துறையில் அனுபவமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். தேர்வு எழுத வேண்டும். செய்த வேலைக்கெல்லாம் ஆதாரம் திரட்டி போர்ட்ஃபோலியோ கொடுக்க வேண்டும். அப்புறம்தான் உள்ளே விடுவார்கள்.

உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான். பட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். டிகிரியோடு வந்தவர் எழுதும் அதே தேர்வு, அதே புராஜெக்ட். பாடவழி முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரப் படிப்பு என்று கணக்கு. மொத்தம் 1,600 மணி நேரம். அனுபவம் இருக்கிறது என்று அதில் ஒரு மணி நேரம்கூட எனக்குக் குறைக்கவில்லை. என் டிப்ளோமா எலெக்ட்ரானிக்ஸ் என்பதால் புரோகிராமிங்கும் டேட்டாபேஸும் முன்பாடமாகத் தனியே படித்தேன்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ரிஜெக்ட் ஆகும் பாகங்களை எக்ஸெலில் பதிவோம். ஒரே பாகத்தின் எண்ணைக் காலை ஷிப்டில் நடுவே கோடு போட்டு அடிப்பார்கள், இரவு ஷிப்டில் கோடில்லாமல் அடிப்பார்கள், யாராவது சைபருக்குப் பதில் ஓ போட்டிருப்பார்கள். மாதக் கடைசியில் ஒரு பாகம் மூன்று பாகமாகக் கணக்கில் நிற்கும். உட்கார்ந்து கையால் திருத்துவேன். டேட்டாபேஸ் வகுப்பில் நார்மலைசேஷன் நடத்தினார்கள். கணினி விஞ்ஞானி எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த விஷயம்: ஒரு தகவல் ஒரே இடத்தில் இருக்கட்டும், மற்றவை அதைச் சுட்டட்டும். பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அது பரீட்சைக் கேள்வி. எனக்குப் பல வருடத் தலைவலிக்கு மருந்து. பாக எண்களுக்குத் தனி டேபிள் போட்டு, இனி யாரும் எண்ணை அடிக்க வேண்டாம், பட்டியலில் தேர்ந்தெடுத்தால் போதும் என்று மாற்றினேன். இந்த அனுபவத்தைத்தான் அவர் மேடையில் கேலி செய்தார்.

"காசு கொடுத்துப் பட்டம் வாங்குபவர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை எம்.கியூ.ஏ. இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது. பார்த்துவிட்டு, போலிகளைப் போலி என்று பேசட்டும். "கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவருக்கு ஈடாகுமா?" ஈடு என்று நான் எங்கே சொன்னேன்? "சரி, இந்த வயதில் எதற்கு?"

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. பள்ளியில் படிவம் ஐந்து முடித்த கையோடு ஷிப்டுக்குப் போனவள் நான். அப்பா லாரி ஓட்டினார், எனக்குக் கீழே மூன்று பேர். டிப்ளோமாவே இரவு வகுப்பில்தான் படித்தேன். என் ஓவர்டைம் பணத்தில் தம்பி டிகிரி முடித்தான். அவன் வந்தது முன்வாசல், நான் வந்தது கொல்லைப்புறமா? மாஸ்டர் கட்டணத்துக்கு இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை எடுத்தேன். வகுப்பு முடிந்து ராத்திரி மழையில் பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பியபோது யாரும் எனக்குக் கைதட்ட வேண்டும் என்று நினைக்கவில்லை. ஊர்கூடிய இடத்தில் தலைகுனிய வைக்காமல் இருந்திருக்கலாம்.

அவரைவிடக் கைதட்டியவர்கள்தான் எனக்கு வலி. பாதிப் பேர் தீபாவளிக்கு என் வீட்டில் சாப்பிடுகிறவர்கள். அந்தக் கூட்டத்திலேயே டிப்ளோமாவோடு ஃபேக்டரியில் பல வருடம் வேலை பார்க்கும் அக்காமார், அண்ணன்மார் எத்தனை பேர்! உங்களுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று கல்விக் கருத்தரங்கில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது? மைக் கையில் இருந்தது, சொல்லவில்லை.

விண்ணப்பம் போட இருந்த இரண்டு தங்கச்சிகள் "யோசிக்கிறோம்கா" என்கிறார்கள். யோசிக்காதீர்கள், போடுங்கள். கம்பெனியில் போன பயிற்சிகளின் சான்றிதழ் ஒன்றையும் விடாமல் எடுத்து வையுங்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று சூப்பர்வைசரிடம் விவரமாகக் கடிதம் கேளுங்கள், வெறும் "நன்றாக வேலை செய்வார்" என்பது உதவாது. முதுகலைக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வருமான வரிக் கழிவு உண்டு, ரசீதுகளைத் தொலைக்காதீர்கள். பிறை, பட்டர்வொர்த் பக்கம் இருப்பவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள். என் போர்ட்ஃபோலியோவை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.