மலச்சிக்கலும் மூட்டுவலியும்: ஒரு திருத்தம்

“மூன்று நாள் மலம் போகாவிட்டால் அதன் நச்சு ரத்தத்தில் ஏறி மூட்டில் படியும்; வாரம் ஒருமுறை பேதிக்குக் குடித்தால் முழங்கால் வலி ஓடிவிடும்” என்று ஒருவர் பதிவு எழுதியிருக்கிறார். தவறு. மலத்திலிருந்து எதுவும் மூட்டில் போய்ப் படிவதில்லை. இதே நம்பிக்கையில் சுமார் நூறு வருஷத்துக்கு முன் லண்டனில் அர்பத்நாட் லேன் என்ற அறுவை மருத்துவர் நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். (நல்லவேளை, பதிவு எழுதியவர் பேதியோடு நிறுத்திக்கொண்டார்!) மருத்துவ உலகம் அதை எப்போதோ கைவிட்டுவிட்டது.

தொடர்பே கிடையாது என்றும் சொல்லவில்லை. மலம் இறுகித் தேங்கினால் கீழ்முதுகில் மந்தமான வலி வரலாம். ஆனால் மூட்டுவலிக்காரர்களிடம் பல நேரம் கதை தலைகீழ். வலியால் நடமாட்டம் குறைகிறது; அப்புறம் ட்ரமடால், கோடீன் போன்ற வலி மாத்திரைகள் குடலை மந்தமாக்குகின்றன. கூடவே விழுங்கும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் மலத்தைக் கட்டலாம். தைராய்டு சுரப்பு குறைந்தால் மலச்சிக்கல், உடம்புவலி இரண்டும் சேர்ந்தே வரலாம். அது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

முதுகுவலியோடு திடீரென்று மலமோ சிறுநீரோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப் போனாலோ விளக்கெண்ணெயைத் தேடாதீர்கள். முதுகெலும்பின் அடியில் நரம்புகள் நசுங்கியிருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.