மெமரி சீப் தானே, சார்?

சனிக்கிழமை மீட்டப்புக்கு வந்தவர்களுக்கு எந்த ஸ்லைடு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பைத்தான் கிளாஸில் கனமான கணக்கு போடும் ப்ராப்பர்ட்டி ஒன்று, அதன் ஃபங்ஷன் தலையில் எல்ஆர்யூ_கேச், அதாவது ஒரு தடவை போட்ட விடையை வைத்துக்கொண்டு மறுபடி கேட்டால் அதையே கொடுக்கும் டெக்கரேட்டர். "ஒரே வரி, வேலை முடிஞ்சுது." கைதட்டல். அந்த ஆப்ஜெக்ட் எப்போது மெமரியை விட்டுப் போகும் என்று நான் கேட்டதற்கு, பேசியவர் சொன்னது, "மெமரி இப்பல்லாம் சீப் சார்." சிரிப்பு வேறு.

சீப் தான், ஒத்துக்கொள்கிறேன். கணக்குப் போடுவோமா? எல்ஆர்யூ_கேச் கிளாஸுக்கு ஒன்றுதான், ஆப்ஜெக்ட்டுக்கு ஒன்று கிடையாது. அதில் விடையைத் தேட உதவும் கீயாகப் போவது செல்ஃப், அதாவது அந்த ஆப்ஜெக்ட்டே. கீ உள்ளே இருக்கும்வரை அந்த ஆப்ஜெக்ட்டை, வேண்டாத மெமரியைக் காலி செய்யும் கார்பேஜ் கலெக்டர் தொடாது. அளவு எதுவும் சொல்லாவிட்டால் 128 விடைகள் வரை வைத்துக்கொள்ளும். ஒரு ரிப்போர்ட் ஆப்ஜெக்ட் 40 எம்பி சுமந்தால் 5,120 எம்பி. சர்வரில் ஒரே புரோகிராம் நாலு வொர்க்கராக, அதாவது நாலு தனி ப்ராசஸாக ஓடினால் 20 ஜிபி. அளவைச் சொல்லும் மேக்ஸ்சைஸுக்கு நன் (பைத்தானில் 'ஒன்றுமில்லை') என்று போட்டால் வரம்பே இல்லை. கேச் என்பது ஆப்ஜெக்ட்டோடு பிறந்து ஆப்ஜெக்ட்டோடு போக வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

மெமரியாவது பரவாயில்லை. பைத்தானின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில், டேட்டாபேஸ் வரிசையை ஆப்ஜெக்ட்டாகக் காட்டும் மாடலில் இதைப் போட்டுப் பாருங்கள். பிரைமரி கீ (வரிசையின் அடையாள எண்) ஒன்றாக இருந்தால் ஜாங்கோவுக்கு இரண்டு ஆப்ஜெக்ட்டும் சமம், கேச் தேடப் பயன்படுத்தும் ஹேஷ் எண்ணும் ஒன்றே. அதனால் கேச்சுக்கு இரண்டும் ஒரே கீ. காலையில் 501ஆம் இன்வாய்ஸின் மொத்தம் கேட்டாயிற்று. மதியம் யாரோ ஒரு ஐட்டம் சேர்க்கிறார். அடுத்த ரிக்வெஸ்ட் டேட்டாபேஸிலிருந்து புது ஆப்ஜெக்ட்டைத்தான் எடுக்கிறது, மொத்தம் மட்டும் காலையில் போட்டது. எரர் வராது, லாக் ஃபைலில் ஒன்றும் பதிவாகியிருக்காது. இந்த வொர்க்கரில் பழைய தொகை, பக்கத்து வொர்க்கரில் புதுத் தொகை. ரிஃப்ரெஷ் அடிக்க அடிக்க மாறிக்கொண்டே இருக்கும். சாதாரண டேட்டாகிளாஸ் என்றால் அன்ஹேஷபிள் (ஹேஷ் எடுக்க முடியாது) என்று முதல் அழைப்பிலேயே விழுந்துவிடும், அந்த மட்டுக்குப் புண்ணியம்.

இதற்கென்றே கேச்டு_ப்ராப்பர்ட்டி என்ற டெக்கரேட்டர் 2019இல், பைத்தான் 3.8இலேயே வந்துவிட்டது. முதல் தடவை கணக்குப் போட்டு, விடையை அந்த ஆப்ஜெக்ட் தன் மதிப்புகளை வைத்திருக்கும் சொந்த டிக்ட்டில் அதே பெயரில் எழுதிவிடும். மறுதடவை பைத்தான் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆப்ஜெக்ட் போனால் விடையும் போச்சு.

அதிலும் வில்லங்கம் உண்டு, மறைக்கவில்லை. எந்தெந்த அட்ரிபியூட் என்று முன்கூட்டியே ஸ்லாட்ஸில் எழுதிவிட்டு டிக்ட்டே இல்லாமல் இருக்கும் கிளாஸில் ஓடாது. 3.11 வரை உள்ளே ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) இருந்தது, அதுவும் எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் பொதுவாக. சம்பந்தமில்லாத ஆப்ஜெக்ட்டின் கணக்குக்காக இன்னொரு திரெட் காத்துக்கிடக்கும். 3.12இல் எடுத்துவிட்டார்கள், இப்போது இரண்டு திரெட் சேர்ந்து நுழைந்தால் கணக்கு இரண்டு தடவை ஓடலாம். ஐட்டம் சேர்க்கிற மெத்தடே பழைய விடையைத் தூக்கிப் போட வேண்டும். டெல் போட்டால், இன்னும் கணக்கே போடாத ஆப்ஜெக்ட்டில் அட்ரிபியூட்எரர் வரும். அதற்குப் பதில் டிக்ட்டில் பாப் செய்து டிஃபால்ட்டாக நன் கொடுங்கள். காப்பி.காப்பி எடுத்தால் பழைய விடையும் கூடவே வரும், ஜாக்கிரதை.

"அப்போ எல்ஆர்யூ_கேச்சே தப்பா?" செல்ஃப் இல்லாத தனி ஃபங்ஷனுக்குத் தாராளமாகப் போடுங்கள், நான் அதையா சொன்னேன்? "ப்ரீமெச்சூர் ஆப்டிமைசேஷன்", தேவை வருமுன்பே வேகப்படுத்தப் பார்க்கிறாய் என்பவர்கள் ஸ்லைடு போட்டவரிடம் போய்ச் சொல்லட்டும். "பிகினர்களுக்குத்தானே சொன்னார்" என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. பிகினர்தானே அதை அப்படியே காப்பியடித்து ப்ரொடக்‌ஷனில் போடுவார்? அதை ரிவ்யூவில் பிடித்தால் நாங்கள் வேலையைத் தடுக்கிற கிழங்கள், கேள்வி கேட்டால் பூமர். ராத்திரி ரெண்டு மணிக்கு வொர்க்கரை ஓஎஸ் கொன்றுவிட்டது என்று அலர்ட் வந்தால் மட்டும் "சார், கொஞ்சம் பாக்குறீங்களா?" மைக் பிடித்தவருக்கு அந்த நேரத்தில் போன் போகாது.

நம்பாதவர்கள் ஓட்டிப் பார்க்கலாம். ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி அதற்கு வீக்ரெஃப் எடுங்கள், அது ஆப்ஜெக்ட்டைப் பிடித்து வைக்காமல் சுட்ட மட்டும் செய்யும். ப்ராப்பர்ட்டியை ஒரு தடவை தொடுங்கள். ஆப்ஜெக்ட்டை டெல் செய்து ஜிசி.கலெக்ட் ஓட்டி, வீக்ரெஃபைக் கூப்பிடுங்கள். நன் வர வேண்டும். அந்த ஸ்லைடில் இருந்த கோடுக்கு வராது.