நண்டுக் கல்யாணத்தில் பேத்தைக்கு என்ன வேலை?

எங்கள் பக்கத்துக் கரைவலைக்காரர் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு ஒன்று கனநாளாக என் மண்டையைக் குடைகிறது. நண்டுக்குக் கல்யாணம். பாரை மாப்பிள்ளை. சூடையும் நெத்தலியும் சீர்வரிசை தூக்கி வருகின்றன. இதுவரைக்கும் சரி. அப்புறம் சபைக்குத் தலைமை தாங்க பேத்தை மீன் வருகிறது. அடுத்த வரியில் மாமி குடையைப் பிடித்துக்கொண்டு கச்சேரிக்கு, அதாவது அரசாங்கக் கந்தோருக்கு, போகிறாள். யாருடைய மாமி, கச்சேரியில் அவளுக்கு என்ன அலுவல், ஒன்றும் தெரியாது. பாட்டு திரும்ப நண்டிடம் வந்துவிடுகிறது.

இதை மேடையேற்றுகிறவர்கள் இப்போது மாமியை வெட்டிவிட்டு, பேத்தையின் இடத்தில் சுறாவை வைத்து, ஒழுங்கான கதையாக்கிப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

அம்பா, உட்கார்ந்து எழுதின பாட்டு இல்லை. தோணியில் போய் வலையை வளைத்து விட்டு வந்தபின், இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்கிறார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கி இழுப்பார்கள். எல்லாருடைய பலமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் வலை அசையும். அடி எடுப்பவருக்கு அடுத்த இழுப்புக்குள் ஒரு வரி வேண்டும், கண்ணில் பட்டதைப் பாடிவிடுவார். என்றோ ஒரு நாள் கரையோரத் தெருவில் ஒரு மாமி குடையோடு போயிருப்பார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள், அந்த வரி மறுநாளும் தங்கிவிட்டது. அந்த மாமி பாட்டுக்குள் வந்த வழி இதுதான் என்று நினைக்கிறேன். மீன் சேர்கிற வலையின் மடி கரையை நெருங்க நெருங்கப் பாரம் கூடும், வரி குறுகும், கடைசியில் சொல்லே இராது, சத்தம்தான். ‘ஏலேலோ’வுக்கே வள்ளுவர் காலத்து வணிகர் ஏலேலசிங்கரின் பெயர்தான் மூலம் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாரம் இழுக்கிறவனின் மூச்சோடு வருகிற ஒலி அது.

பேத்தையின் கதை வேறு. அது தற்செயலாக வந்திருக்காது. வலையில் அகப்பட்டால் வயிற்றை ஊதிக்கொண்டு கிடக்கும். நஞ்சு மீன் என்று மணலில் எறிந்துவிடுவார்கள். வெயிலில் கயிறு இழுக்கிறவன், பங்கு பிரிக்கிற வலைச் சொந்தக்காரர் சம்மாட்டியாரை நேரே ஒரு வார்த்தை கேட்க முடியாது. ஆனால் வயிறு ஊதிய பேத்தையைக் கல்யாணச் சபைக்குத் தலைவராக்கிப் பாடலாம். இழுக்கிற அத்தனை பேருக்கும் விளங்கும், ஒருவனையும் பிடித்துக் கேள்வி கேட்க முடியாது. அந்த இடத்தில் நல்ல விலை போகிற சுறாவை வைத்தால் பாட்டின் முதுகெலும்பே போய்விட்டது. வேடிக்கை என்று நாம் நினைக்கிற வரியில்தான் அந்த மனிதர்களின் கோபம் இருக்கிறது. அதைத் திருத்த நமக்கு யார் உரிமை தந்தது?

பிற்காலத்தில் பல கரைகளில் உழவு இயந்திரம் பூட்டி வலை இழுக்கத் தொடங்கினார்கள். அதற்கு அம்பா தேவையில்லை. பாடத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது.

திருகோணமலைக் கரையில் சல்லி, திருக்கடலூர், நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் அப்பாச்சி, அம்மப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் கரையிலும் பேத்தைதான் தலைவரா? மாமி வேறு எங்காவது போகிறாரா? விளங்காத வரியையும் காதில் விழுந்தபடியே எழுதிப் போடுங்கள். கைப்பேசியில் பதிந்து அனுப்பினால் இன்னும் நல்லது.